வரிக்குப் போன வாசற்கதவு

கதவைக் கழற்ற வந்தவர்களுக்கு என் அண்ணன் சேகர்தான் ஓடிப்போய் ஒத்தாசை செய்தான்.

பாலக்கரையில் நாங்கள் வாங்கியிருந்த வீட்டுக்குத் தேக்கில் ஒற்றைக் கதவு. ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், நல்ல கனம். வந்த இரண்டு ஆட்களில் ஒருவருக்கு வயதாகிவிட்டது. கீல்களைத் தட்டிக் கழற்றியதும் கதவு அவர் பக்கம் சாய, மனுஷர் தடுமாறினார். உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் எச்சில் கையோடு ஓடிவந்து கதவைத் தாங்கிப் பிடித்தான்.

"இருங்க, இருங்க, நான் புடிக்கிறேன்! பாத்து! காலு, காலு!" என்று பெரிய மேஸ்திரி கணக்காக உத்தரவு போட்டான். மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் நின்ற கைவண்டியில் கிடத்தினார்கள். அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

"அம்மா! நம்ம கதவு வண்டியில போவுது!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான் அந்த நேரத்தில் பில் கலெக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டு வரி வசூலிக்கிற ஆள். கக்கத்தில் ஒரு பை, நெற்றியில் வியர்வை.

"அருணாசலம்ங்கிறவரு யாருங்க?" என்றுதான் ஆரம்பித்தார்.

"அவரு இங்க இல்லை. எங்களுக்கு வித்துட்டுப் போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. போயி அவரு வீட்டுக் கதவைக் கழட்டுங்க."

"கோவிச்சுக்காதீங்கம்மா. வரி ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. இந்த வீட்டுக்குப் பல வருஷமா ஒத்தக் காசு வரலை. எத்தனை நோட்டீசு விட்டாச்சு! இப்ப வாரண்டோட வந்திருக்கேன். நான் என்ன பண்ண?"

"நானும் முனிசிபல் பள்ளிக்கூடத்து டீச்சர்தான், தெரியுமா?" என்று கத்தினேன்.

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே. வரி வந்தாத்தானே உங்களுக்கும் சம்பளம், எனக்கும் சம்பளம்."

நான் பதில் இல்லாமல் நின்றது என் ஆயுளில் அபூர்வம். இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்தக் காலத்தில் வீட்டு வரிக்கு ஜப்தி என்றால் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, அதற்கும் காணாவிட்டால் வாசற்கதவு. எங்கள் வீட்டில் இருந்த நாலு பாத்திரம் எந்த மூலைக்கு? கதவு அசையும் சொத்தா, அசையாச் சொத்தா என்று வக்கீல்கள் மணிக்கணக்காக வாதாடட்டும். கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டால் அது அசையத்தான் செய்கிறது.

ஒரு கதவுதானே போயிற்று, அதற்கு ஒரு அத்தியாயமா என்று கேட்பீர்கள். அந்த வீட்டை நாங்கள் வாங்கியதே அந்தக் கதவுக்காகத்தான்.

சேலைக் கயிறு

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது மூளைக் காய்ச்சல் வந்தது. பிழைத்தான். ஆனால் எழுந்து உட்கார்ந்தபோது ஆறு வயசுப் பிள்ளையாக எழுந்தான். உடம்பு மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று, மீசை வந்தது, தோள் அகன்றது. அவனால் ஒரு எறும்புக்குக்கூடக் கெடுதல் இல்லை.

ஒரே ஒரு தொந்தரவுதான். தெருவில் மேளச் சத்தம் கேட்டால், நாலு பேர் கூட்டமாகப் போனால், அவனும் கூடவே போய்விடுவான். போகத் தெரியும், திரும்பி வரத் தெரியாது.

அப்போது பாலக்கரையிலேயே இன்னொரு தெருவில் ஒண்டுக் குடித்தனம் இருந்தோம். வரிசையாகப் பல குடும்பங்கள், எல்லோருக்கும் ஒரே வாசல். பால்காரர் வருவார், கீரைக்காரி வருவாள், யாராவது தண்ணீர்க் குடத்தோடு போய் வந்துகொண்டிருப்பார்கள். பகலில் அந்த வாசலைச் சாத்து என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? அண்ணன் ஒருநாள் தென்னூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தான். இன்னொரு நாள் ஜங்ஷனில் மதுரை வண்டியில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டான். அப்பாவோடு பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் தற்செயலாகப் பார்த்து இறக்கிக் கூட்டிவந்தார்.

அதற்குப் பிறகு அம்மா அவனைக் கட்டிப்போட ஆரம்பித்தாள்.

கயிறு அறுக்கும் என்று தன் பழைய நூல் சேலையைக் கிழித்து முறுக்கி, ஒரு நுனியை அவன் கணுக்காலிலும் மறு நுனியை ஜன்னல் கம்பியிலும் கட்டுவாள். அவன் அழமாட்டான், இழுக்கமாட்டான். சேலை எட்டுகிற மட்டும் வந்து நின்று வாசலைப் பார்ப்பான். பக்கத்துக் குடித்தனத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரிக்கும். நான் விரட்டிக்கொண்டு போவேன். அந்தச் சனியன்களை அப்போது நான் கிள்ளிய கிள்ளு அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.

அப்பா பொன்மலையிலிருந்து சைக்கிளில் வருவார். எண்ணெய்க் கறை படிந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் முதலில் அந்த முடிச்சைத்தான் அவிழ்ப்பார். ஒருநாள் அவிழ்த்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"நமக்குன்னு ஒரு வாசக்கதவு இருந்தா இவனைக் கட்ட வேணாம்ல?"

அம்மா அன்றே தன் வளையல்களைக் கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

நல்ல நாளும் அதுவுமாக

போன வாரம் ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். கைலாசபுரத்தில் குடியிருக்கிறாராம், ஓய்வுபெறப் போகிறாராம், டவுனுக்குள் பழைய வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாராம். "உங்கள் அனுபவத்தில் ஏதாவது சொல்லுங்கள் அம்மா" என்கிறார். சொல்லத்தானே போகிறேன், பொறுங்கள் ஐயா.

உங்கள் கைலாசபுரம் அப்போது பொட்டல். அந்தப் பக்கம் பெரிய தொழிற்சாலை வரப்போகிறது, ஊர் ஊரிலிருந்து ஜனங்கள் வந்து இறங்கப்போகிறார்கள் என்று திருச்சி முழுக்க ஒரே பேச்சு. ஓட்டை உடைசல் வீட்டுக்கெல்லாம் விலை ஏறியது. அப்பா பதறிப்போனார். இன்றைக்கு விட்டால் நாளைக்கு நம்மால் முடியாது என்கிற பதற்றம்.

அந்த நேரத்தில் அகப்பட்டவர்தான் அருணாசலம். மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்தவர். வெள்ளை வேட்டி, விபூதி, அதிராத பேச்சு. யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். மண்டியில் அடி விழுந்து வீட்டை விற்கிறார் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தாலும் அதை யாரும் அவர் காதில் படச் சொல்லமாட்டார்கள்.

அப்பா ஒன்றும் விவரமில்லாத ஆள் இல்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார். அடமானம் கிடையாது, பாகப்பிரிவினைத் தகராறு கிடையாது, சுத்தமாக இருந்தது. அதிலே தெரியாத ஒரு வில்லங்கம் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. கட்டாத வீட்டு வரி வில்லங்கச் சான்றில் வராது. அது பாட்டுக்கு வரி ஆபீசில் ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டை யார் வாங்குகிறார்களோ, சுவரோடும் கூரையோடும் சேர்த்து அதையும்தான் வாங்குகிறார்கள்.

பத்திரம் எழுதுகிற அன்று நானும் கூடப் போனேன். பத்திர எழுத்தர் வீட்டு முன்னறையில் பாய் விரித்து, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. அருணாசலம் மனைவி குங்குமச் சிமிழ்கூடக் கொடுத்தனுப்பியிருந்தாள். எழுத்தர் பத்திரத்தைப் படித்துக் காட்டி முடித்ததும் நான் கேட்டேன்:

"ஐயா, வரி பாக்கி ஏதும் இருக்கா? கட்டுன ரசீது இருந்தாக் குடுத்துடுங்களேன்."

அவ்வளவுதான். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அருணாசலம் முகம் சுண்டிவிட்டது. அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

எங்கள் பக்கத்தில் பத்திரம் எழுதுகிற நாளில் 'பாக்கி' என்கிற வார்த்தையை யாரும் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் அந்த வீட்டில் காலாகாலத்துக்கும் ஏதாவது ஒன்று பாக்கியாகவே நிற்கும் என்பார்கள். விற்கிறவனைக் கேட்பது அவமரியாதை, வாங்குகிறவனுக்கு அபசகுனம். ஆகையால் கேட்க வேண்டிய ஒரே நாளில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை எல்லோரும் மரியாதையாக விழுங்கிவிடுவார்கள். என்ன வழக்கமோ, என்ன கண்றாவியோ!

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு, சரோஜா" என்றார் அப்பா.

"விடுங்க. படிச்ச பொண்ணு, கேக்குது" என்று அருணாசலமே சமாதானம் சொன்னார். "நான் என்ன ஊரை விட்டா ஓடப்போறேன்? மார்க்கெட்டுலதான் இருக்கேன். ரசீதெல்லாம் தேடி எடுத்துக் குடுத்தனுப்புறேன்மா."

அப்பா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

மண்டிக்கு அனுப்பிய தபால்

புது வீட்டில் அண்ணன் கட்டவிழ்ந்து திரிந்தான். கதவுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டுச் சாவியை அம்மா இடுப்பில் செருகிக்கொள்வாள். அவன் முற்றத்தில் ஓடுவான், கிணற்றடியில் கோலிக்குண்டு உருட்டுவான், ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிறவர்களையெல்லாம் "சாப்டீங்களா?" என்று விசாரிப்பான். தெருவே அவனுக்குப் பதில் சொல்லும். கணுக்காலில் இருந்த கறுப்புத் தழும்பு மெல்ல மெல்ல மங்கியது. அம்மா எண்ணெய் தேய்த்துவிடும்போது அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்ப்பாள். நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். இதைவிட எடுப்பாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பத்திரம் பதிந்தாயிற்று, இனி சர்க்காருக்கு எல்லாம் தெரியும் என்று அப்பா நினைத்தார். பத்திர ஆபீஸ் வேறு, வரி ஆபீஸ் வேறு. ஒன்றில் எழுதினால் மற்றதில் தானாக ஏறிவிடாது. வீடு கைமாறினால் விற்றவரும் வாங்கியவரும் வரி ஆபீசுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை அங்கே பழைய பெயர்தான். இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அருணாசலம் சொல்லியிருக்கலாம்.

அதனால் நோட்டீசெல்லாம் எங்கள் வீட்டுக்கு அருணாசலம் பெயரில் வந்தது. அம்மாவுக்குப் படிப்பு குறைவு, ஒழுங்கு ஜாஸ்தி. நான் ஒரு தடவை பிரிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

"அடுத்தவங்க பேருக்கு வந்த தபாலைப் பிரிக்கறதும் அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறதும் ஒண்ணுதான்டி. பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ."

தெரு வழியாக மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிக்காரரிடம் கொடுத்து மண்டிக்கு அனுப்பிவிடுவாள். அருணாசலமும் மரியாதை தெரிந்தவர். ஒவ்வொரு தடவையும் அதே வண்டியில் ஒரு கூடைச் சின்ன வெங்காயம் அனுப்புவார். அம்மா சாம்பார் வைப்பாள். அண்ணனுக்கு வெங்காயச் சாம்பார் என்றால் உயிர். எங்கள் வீட்டுக்கு வந்த ஜப்தி நோட்டீசுக்கு விலையாக நாங்கள் வெங்காயம் வாங்கித் தின்றோம். நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

கதவில்லாத வீடு

கதவு போன அன்று அப்பா வேலையிலிருந்து வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தியவர் உள்ளே வராமல் வெகுநேரம் அப்படியே நின்றார். நிலை மட்டும் இருந்தது, நடுவில் தெரு தெரிந்தது. பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நேரே மண்டிக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

அருணாசலம் காலி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"கட்டிடறேங்க. சத்தியமாக் கட்டிடறேன். சரக்கு போயி வெளியூர்ல முடங்கிக்கிச்சு. ஒரு வாரம் பொறுத்துக்குங்க."

"எங்க வீட்டுல ஒரு புள்ளை இருக்கான், உங்களுக்குத் தெரியும்ல?" என்றார் அப்பா. "அந்தக் கதவை நம்பித்தான்யா அவனை அவுத்து விட்டேன்."

அருணாசலம் தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். கையில் இல்லை, அதுதான் நிஜம். அது தெரிந்தும் அவரை அந்த மூட்டையிலேயே வைத்துக் கட்டலாம் என்றுதான் எனக்கு வந்தது.

மறுநாள் வக்கீலைப் பார்த்தோம். "முதல்ல நீங்க வரியைக் கட்டிக் கதவை மீட்டுடுங்க. அப்புறம் அவர் மேல கேஸ் போட்டு வாங்கிக்கலாம், ஆனா நாளாகும்" என்றார். புத்திசாலித்தனமான யோசனை. அப்பா கேட்கவில்லை.

"நான் வாங்கறதுக்கு முன்னால ஏறுன வரியை நான் எதுக்குக் கட்டணும்? கட்டினா அவர் செஞ்சது சரின்னு ஆயிடாதா?"

"அப்பா, நியாயம் அப்புறம் பேசலாம். எங்க ஸ்கூல்ல கடன் கேக்கறேன், கட்டித் தொலைங்க!"

"நீ கட்டினா அப்புறம் இந்த வீட்டுல நான் பச்சத் தண்ணி குடிக்கமாட்டேன்."

ஆயுசு முழுக்க யாரிடமும் எதிர்த்துப் பேசாத மனுஷர். அப்பாவுக்கு ரோஷம் வந்த ஒரே வாரம் அதுதான். வேறு எந்த வாரமாவது வந்திருக்கக் கூடாதா?

வாசலில் கோணிச் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டோம். குறுக்கே பெஞ்சைப் போட்டோம். அப்பா ராத்திரியில் அந்தப் பெஞ்சிலேயே படுத்தார். பகலில் அம்மா அதில் உட்கார்ந்துகொண்டே அரிசி களைந்தாள், கீரை ஆய்ந்தாள். அண்ணனுக்கு ஒரே கொண்டாட்டம். சாக்கைத் தூக்கித் தூக்கித் தெருவைப் பார்த்தான்.

மூன்றாம் நாள் காலையில் அம்மா பெட்டியைத் திறந்து அந்தச் சேலைக் கயிற்றை எடுத்தாள்.

"என்னங்க, கதவு வர்ற வரைக்குந்தான். என்னால முடியலைங்க. ஒரு நிமிஷம் கண்ணசந்தா..."

அப்பா அதை அவள் கையிலிருந்து பிடுங்கினார். கிணற்றடிக்குப் போய்க் கொடுவாளால் துண்டு துண்டாக வெட்டினார்.

"இனிமே கட்டமாட்டேன்னு அவன் தலையில கை வெச்சுச் சொல்லியிருக்கேன். இன்னொரு தடவை என் புள்ளையை மாடு மாதிரிக் கட்டுறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்லை."

அம்மா வெறுங்கையோடு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் அவரைத் தடுக்கவில்லை. அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பதினெட்டாம் பெருக்கு

அந்த வாரமே ஆடிப் பதினெட்டு. எங்கள் ஊரில் அன்று வீட்டில் ஒருவரும் தங்கமாட்டார்கள். சித்ரான்னத்தைக் கட்டிக்கொண்டு ஊரே காவிரிக்குப் போகும். சின்னப் பிள்ளைகள் தகரத்திலும் அட்டையிலும் சின்னச் சின்னச் சப்பரம் செய்து, அதற்குச் சக்கரம் வைத்து, கயிறு கட்டித் தெருவெல்லாம் கடகடவென்று இழுத்துக்கொண்டு போவார்கள்.

அப்பாவுக்கு லீவு இல்லை. எனக்கும் பள்ளிக்கூடம் இருந்தது. அம்மா வீட்டிலேயே கும்பிட்டுவிடலாம் என்று தேங்காய்ச் சாதத்துக்கு அடுப்பில் உலை வைத்திருந்தாள். பொங்கி வழிந்த சத்தம் கேட்டு எழுந்து போனாள். சாதத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். சாக்கு ஆடிக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் சப்பரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணனைக் காணோம்.

எனக்குச் சேதி வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. தெருக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருந்தார்கள். அப்பா சைக்கிளில் படித்துறை படித்துறையாகப் போய்க்கொண்டிருந்தார். நான் பாலத்தின் மேல் ஓடினேன். காவிரி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. எத்தனை வருஷம் அந்த நுரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்! அன்று அந்தப் பக்கம் திரும்பாமல் ஓடினேன்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. ஈரச் சேலைகள், வாழைப்பழத் தோல், மஞ்சள் தண்ணீர், எங்கு பார்த்தாலும் புதுத் தாலிச் சரடு. அண்ணன் அன்று போட்டிருந்தது நீலச் சட்டை. ஒவ்வொரு நீலச் சட்டையாகப் பிடித்து இழுத்து முகத்தைப் பார்த்தேன். காதோலை கருகமணி விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள்தான் கடைசியில் சொன்னாள்.

"நீலச் சட்டையா? வாட்டசாட்டமா, புள்ளை மாதிரிப் பேசுமே, அந்தத் தம்பியா?"

"ஆமாங்க, ஆமாங்க! எங்க?"

"பசங்களோட சப்பரம் இழுத்துக்கிட்டு வந்துச்சு. பசங்க விளக்கு ஏத்தித் தண்ணியில விட்டுட்டுப் போயிட்டாங்க. அது மட்டும் கீழ்ப்படியில எறங்கி நின்னுச்சு. எறங்காதய்யா, இழுத்துக்கிட்டுப் போயிரும்னேன். என்னைப் பாத்து 'சாப்டீங்களா'ன்னு கேட்டுச்சு. நான் ஒரு ஆளுக்குச் சில்லறை குடுத்துட்டுத் திரும்பிப் பாத்தேன். காணோம். கூட்டத்தோட மேல ஏறிப் போயிருக்கும்னு நெனைச்சேம்மா."

மேலே ஏறிப் போயிருக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஸ்ரீரங்கத்து வீதிகள் அத்தனையும், கோயில் பிரகாரம், சத்திரம், ரயிலடி, எல்லாம் தேடினோம். போலீசில் எழுதி வைத்தோம். அப்பா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டுத் தினமும் பஸ் பிடித்துக் கல்லணைக்குப் போனார். ஆற்றில் போனவை அங்கே ஒதுங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மதகுக்காரர்களிடம் விசாரிப்பார், கரையில் உட்கார்ந்திருப்பார், பொழுது சாய்ந்ததும் வருவார். தண்ணீர் வடிந்து மணல் திட்டு தெரிகிற வரைக்கும் போனார்.

ஒன்றும் ஒதுங்கவில்லை. உடம்பு கிடைத்திருந்தால் அழுது முடித்திருப்போம்.

பெருக்கு கழிந்த நாலாம் நாள், அதே கைவண்டியில் கதவு வந்தது. கூடவே அருணாசலம் நடந்து வந்தார். யாரிடம் கெஞ்சினாரோ, எதை விற்றாரோ, வரி முழுவதையும் கட்டிவிட்டிருந்தார். வாசலில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்து அவர் தயங்கி நிற்க, யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ரசீதை நீட்டிய கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

அவரைக் கடித்துக் குதற வேண்டும் என்று நான் எழுந்தேன். அம்மா என்னைத் தாண்டிப் போய் ரசீதை வாங்கிக்கொண்டாள்.

"எழுந்திருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

பெயர் மாற்றம்

அப்பாவோடு நான் பேசவில்லை. வாரக்கணக்கில் பேசவில்லை. வரியைக் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. கயிறாவது இருந்திருக்கும், அதையும் வெட்டிப் போட்டார். அவருடைய நியாயம் என் அண்ணனை ஆற்றில் தள்ளிவிட்டது என்றே நினைத்தேன். சோறு போடுவேன், முகத்தைப் பார்க்கமாட்டேன். அவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருநாள் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"வரி ஆபீசுல பேரு மாத்தணும். கூட வர்றியா? எனக்கு எழுதத் தெரியாது."

தமிழ் நன்றாகவே எழுதுவார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அங்கே இருந்த குமாஸ்தா எங்களை அறியாதவர், நல்ல மாதிரி மனுஷர். பெஞ்சில் உட்காரச் சொன்னார். பத்திரத்தைப் பார்த்தார், ரசீதைப் பார்த்தார். "இத்தனை நாள் ஏங்க வரலை? வாங்குன உடனே வந்திருந்தா ஒரே நாள் வேலைங்க இது" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார்.

"நீங்களே குடியிருக்கீங்களா, வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

"நாங்களேதாங்க."

"வீட்டுல யார் யாரு?"

"நானு, சம்சாரம், இந்தப் பொண்ணு," என்ற அப்பா கொஞ்சம் நிறுத்தி, "மூத்தவன் சேகர்" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். அந்த ஆடிக்குப் பிறகு அவர் முகத்தை நான் பார்த்தது அப்போதுதான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், யாரோ ஒரு கிழவர் என் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குமாஸ்தா எழுதிக்கொண்டே கேட்டார்: "பையன் என்ன பண்றாரு?"

காய்ச்சலில் விழுந்த நாள் முதலாக, கேட்டவர்களுக்கெல்லாம் எந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி அப்பா கூசிப்போனாரோ, அதையே சொன்னார்.

"வீட்டுலதாங்க இருக்கான்."